ஃபில்டரைக் கழற்றினால் படம் கூர்மையாகுமா?

கேள்வி: என்னிடம் நிகான் டி800 கேமரா இருக்கிறது. ரா ஃபைலை (கேமரா பதப்படுத்தாமல் தரும் மூலப் பதிவு) 100 சதவீதத்தில் பார்த்தால் நுணுக்கங்கள் கொஞ்சம் மழுங்கித் தெரிகின்றன. நண்பரின் டி800ஈ-யில் அதே காட்சி பளிச்சென்று இருக்கிறது. சென்சார் முன் உள்ள ஆன்டி-அலியாசிங் ஃபில்டரைக் கழற்றிவிடலாமா, ஷார்ப்னிங் (மென்பொருளில் படத்தைக் கூர்மையாக்குவது) போதுமா?

பதில்: கழற்ற வேண்டாம். நீங்கள் இழந்ததாக நினைப்பதில் பெரும்பகுதி உங்கள் ஃபைலுக்குள்ளேயே இருக்கிறது.

அந்த ஃபில்டர் ஒரு மெல்லிய படிகத் தகடு. வரும் ஒளிப்புள்ளி ஒவ்வொன்றையும் நான்காகப் பிரித்துப் பக்கத்து பிக்சல்கள்மேல் பரப்புவதுதான் அதன் வேலை. வேண்டுமென்றே மங்கலாக்குவானேன்? சென்சாரில் ஒரு பிக்சல் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றில் ஒன்றை மட்டுமே பதிவு செய்யும். மற்ற இரண்டும் அக்கம்பக்கத்து பிக்சல்களை வைத்துப் போடும் கணக்கு. நெருக்கமான நெசவுத் துணியோ ஜன்னல் வலையோ பிக்சல் இடைவெளியால் பிடிக்க முடியாத அளவு நுணுக்கமாக விழுந்தால் அந்தக் கணக்கு பிசகும். துணியில் இல்லாத அலைக்கோடுகளும் வானவில் பட்டைகளும் வந்துவிடும். அதுதான் மோயரே.

2012-இல் வந்த இந்த இரண்டு கேமராக்களுக்கும் ஒரே 36.3 மெகாபிக்சல்தான். டி800ஈ-யில் தகடு இல்லாமல் இல்லை. முதல் தகடு பிரித்த ஒளியை இன்னொரு தகடு திரும்பச் சேர்த்துவிடுகிறது.

ஃபில்டர் நுணுக்கங்களின் கான்ட்ராஸ்ட்டைக் குறைக்கிறது, ஆனால் பெரும்பாலும் அழித்துவிடுவதில்லை. குறைந்ததை ஷார்ப்னிங் தூக்கிவிடும். மோயரே அப்படியில்லை. நிறப் பட்டைகளை ஓரளவு துடைக்கலாம். பொய்க் கோடு உண்மையான நெசவோடு கலந்துவிட்டால் எந்த மென்பொருளாலும் சுத்தமாகப் பிரிக்க முடியாது. மனிதர்களையும் உடைகளையும் எடுப்பவர் என்றால் உங்கள் கேமராதான் எனக்கு நிம்மதி. பாறை, இலை, மலை மட்டும் எடுப்பவருக்கு டி800ஈ சற்று மேல்.

சரி, ஷார்ப்னிங். அமவுண்ட்டைக் (கூர்மையின் அளவு) கூட்டுவதில்தான் எல்லாரும் கை வைக்கிறார்கள், முக்கியமானது ரேடியஸ், அதாவது விளிம்பிலிருந்து எத்தனை பிக்சல் தூரம் கூர்மையாக்குவது என்பது. ஃபில்டர் பரப்புவது ஏறக்குறைய ஒரு பிக்சல் தூரம்தான். அதனால் லைட்ரூம் மென்பொருளில் ரேடியஸை 0.7 அல்லது 0.8-இல் வைத்து, அமவுண்ட்டை 50, 60 வரை கூட்டிப் பாருங்கள். ரேடியஸ் 2-க்குப் போனால் நுணுக்கம் வராது, வானத்தை ஒட்டிய விளிம்புகளில் வெள்ளைக் கோடுதான் வரும். ஆல்ட் விசையை அழுத்தியபடி மாஸ்கிங்கை நகர்த்தினால் எந்தெந்த இடம் கூர்மையாகிறது என்று வெள்ளையாகத் தெரியும். வானமும் முகமும் கருப்பாகும்வரை நகர்த்துங்கள், இல்லையென்றால் நாய்ஸும் (படத்தில் தெரியும் புள்ளிப்புள்ளியான இரைச்சல்) சேர்ந்து கூர்மையாகும்.

அதற்கு முன் ஒன்றைச் சோதியுங்கள்: படம் எந்த அபர்ச்சரில் (லென்ஸின் ஒளித்துளை; எஃப் எண் கூடினால் துளை சிறிதாகும்) எடுத்தது? உங்கள் பிக்சல் அகலம் சுமார் 4.9 மைக்ரான். எஃப் 11-இல் ஒளிச்சிதறலால் ஒரு புள்ளி ஏறக்குறைய 15 மைக்ரான் வட்டமாகிவிடும், அதாவது மூன்று பிக்சல். எஃப் 16-இல் இரு கேமராக்களும் கிட்டத்தட்ட ஒன்றுதான். டிரைபாட் போட்டு எஃப் 5.6-இல், ஒரே லென்ஸில், இரண்டிலும் எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் அதற்கேற்ற ஷார்ப்னிங் கொடுத்த பிறகு ஒப்பிடுங்கள். ஒரே அளவு ஷார்ப்னிங்கில் ஒப்பிட்டால் ஃபில்டர் உள்ள கேமராதான் எப்போதும் தோற்கும்.

கழற்றுவதில் வேறு சிக்கலும் உண்டு. அதே கண்ணாடி அடுக்கில்தான் பெரும்பாலும் அகச்சிவப்பைத் தடுக்கும் பகுதியும் இருக்கும். அதன் தடிமன் மாறினால் ஃபோகஸும் தள்ளிப்போகும்.