வீல் சுற்றவில்லையா? மெஷினை எடைக்குப் போடாதீர்கள்

பழைய கறுப்புத் தையல் மெஷின்களைப் பற்றி வந்த கேள்விகளை மட்டும் இந்த முறை சேர்த்து எடுத்துக்கொண்டேன். முப்பது வருடமாக இவற்றைக் கழற்றி மாட்டுவதுதான் என் தொழில். எழுதியவர்களில் பாதிப் பேர் "விற்றுவிடலாமா?" என்றுதான் முடித்திருக்கிறார்கள். அவசரப்படாதீர்கள்.

அம்மா தைத்த உஷா மிதி மெஷின், அவர் போனதிலிருந்து பன்னிரண்டு வருடமாக மூலையில் கிடக்கிறது. வீல் அசையவே இல்லை. பார்க்க வந்தவர் "ஹெட் போச்சு, எக்ஸ்சேஞ்சில் போட்டுப் புதுசு வாங்குங்க" என்கிறார். உண்மையா?
வாசகி, தஞ்சாவூர்

பெரும்பாலும் இல்லை. ஹெட் என்பது ஸ்டாண்டின் மேல் உட்காரும் தைக்கும் பாகம். அது வார்ப்பிரும்பு, உள்ளே இருக்கும் தண்டெல்லாம் எஃகு. கீழே விழுந்து விரிசல் விட்டாலொழிய "ஹெட் போச்சு" என்று சொல்வதற்கு அதில் ஒன்றுமில்லை. போனது எண்ணெய்தான். நம் வீடுகளில் மெஷின் எண்ணெய் தீர்ந்தால் தேங்காய் எண்ணெயை விடுகிற பழக்கம் உண்டு. விட்ட அன்றைக்கு மெஷின் நன்றாக ஓடும். வருடக்கணக்கில் சும்மா நின்றால் அதே எண்ணெய் காய்ந்து அரக்காகிவிடும். அப்படி ஒரு மெஷினின் ஊசிப் பக்கத்து மூடியான முகத்தகட்டைக் கழற்றிப் பார்த்தேன். ஊசித் தண்டைச் சுற்றி மஞ்சள் பிசின் கட்டியிருந்தது, நகத்தால் கீறினால் மெழுகு மாதிரி சுருண்டு வந்தது. அதற்கு அடியில் எஃகு பளபளவென்று புதிதாக இருந்தது.

நீங்களே செய்து பார்க்கலாம். முதலில் பெல்ட்டைக் கழற்றுங்கள். இறுகியிருப்பது மேலே ஹெட்டா, கீழே ஸ்டாண்டா என்று அப்போதே தெரிந்துவிடும். ஸ்டாண்ட் என்றால் மிதியின் இரண்டு முனையிலும் பெரிய சக்கரத்திலும் எண்ணெய் விட்டாலே பல நேரம் சரியாகிவிடும். ஹெட் என்றால் அடிநூல் பாபின் உட்காரும் பாபின் கேஸை எடுத்துவிட்டு, அதைச் சுற்றி ஆடி மேல் நூலைப் பிடிக்கும் ஷட்டிலின் வளையத்தைத் திறந்து ஷட்டிலை வெளியே எடுங்கள். அந்த ஓட்டப் பள்ளத்தில் அரை அங்குல நூல் துண்டு சிக்கினாலே போதும், வீல் கல்லாக நின்றுவிடும். எனக்கு வந்த "செத்த" மெஷின்களில் நிறைய, அந்த ஒரு நூல் துண்டை எடுத்ததும் ஓடியவை.

அதற்கும் அசையவில்லை என்றால் மெஷினை ஒரு மணி நேரம் வெயிலில் வையுங்கள். பிசின் இளகும். பிறகு நிழலுக்குக் கொண்டுவந்து, எண்ணெய்த் துளை ஒவ்வொன்றிலும், இரும்பும் இரும்பும் உரசும் ஒவ்வோர் இடத்திலும் மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு ராத்திரி முழுக்க ஊற விடுங்கள். அடுப்பும் விளக்கும் பக்கத்தில் இருக்கக் கூடாது. காலையில் வீலைப் பிடித்து முன்னும் பின்னும் மெதுவாக ஆட்டுங்கள். முக்கித் திருகாதீர்கள், இடுக்கி போடவே போடாதீர்கள். கால் அங்குலம் அசைந்தால் போதும், மீதியும் வந்துவிடும். நன்றாகச் சுற்ற ஆரம்பித்ததும் மெஷின் எண்ணெய் விட்டு ஐந்து நிமிடம் ஓட்டினால் கறுப்புக் குழம்பாக அழுக்கு இறங்கும். துடைத்து, மறுபடி எண்ணெய் விடுங்கள். மண்ணெண்ணெய் அழுக்கை எடுக்கும், ஆனால் வழுவழுப்பைத் தராது. அதோடு விட்டுவிட்டால் எஃகு எஃகைத் தின்னும்.

துருப்பிடித்து இறுகியிருந்தால் மட்டும் நல்ல மெக்கானிக்கிடம் கொடுங்கள். எக்ஸ்சேஞ்சில் கொடுக்காதீர்கள் அம்மா. உங்கள் மெஷின் இன்னும் உங்கள் மகளுக்கும் தைக்கும்.

நான் வாங்கிய புது எலக்ட்ரானிக் மெஷின் நாலு வருடத்தில் நின்றுவிட்டது. பக்கத்து வீட்டுப் பாட்டியின் மெஷின் என்னைவிட வயதில் மூத்தது, ஓடிக்கொண்டே இருக்கிறது. அதில் என்னதான் இருக்கிறது?
வாசகர், கோவை

அதில் என்ன இல்லை என்பதுதான் விஷயம். நாம் பார்க்கும் கறுப்பு மிதி மெஷின்களில் பெரும்பாலானவை சிங்கர் கம்பெனியின் 15-ஆம் வகை அமைப்பைச் சேர்ந்தவை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் வந்த வடிவம் அது. மிதியால் ஓடும் இந்த ஹெட்டில் பல்சக்கரமே கிடையாது. மேல் தண்டு சுற்றுகிறது. ஒரு நீளமான இரும்புக் கை அந்தச் சுற்றைக் கீழே கொண்டுபோய் ஆட்டமாக மாற்றுகிறது. ஷட்டில் முழுச்சுற்று சுற்றாமல் பாதி போய்த் திரும்பி வருகிறது. அவ்வளவுதான். 1960-களுக்குப் பிறகு வெளிநாட்டுக் கம்பெனிகள் சத்தம் குறையட்டும் என்று நைலான் பல்சக்கரம் போட்ட மெஷின்கள் பல, அந்தச் சக்கரம் வெடித்ததால்தான் நின்றுபோயின. நம்முடையதில் வெடிக்க எதுவுமில்லை.

தேய்மானம் இதிலும் உண்டு. ஆனால் செய்தவர்கள் அதையும் யோசித்திருக்கிறார்கள். மெஷினைச் சாய்த்து அடியில் பாருங்கள். துணியை நகர்த்தும் பல்லை ஆட்டும் தண்டின் இரண்டு முனையிலும் கூர்முனைத் திருகாணி, அதற்கு மேல் பூட்டு நட்டு இருக்கும். வருடங்கள் ஓடி ஆட்டம் கொடுத்தால் நட்டைத் தளர்த்தி, திருகாணியைக் கொஞ்சம் முடுக்கி, மறுபடி பூட்டினால் பழைய இறுக்கம் வந்துவிடும். இதை முதன்முதலில் என் குருநாதர் காட்டியபோது எனக்கு வயது பதினெட்டு. தேயும் என்று தெரிந்தே அதற்கு வழிவைத்துச் செய்த அந்தக் கைகளை அன்றைக்கு மனதாரக் கும்பிட்டேன்.

இன்னொன்று, இந்த வடிவத்தை உலகமே எடுத்துக்கொண்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜப்பானில் இதே அமைப்பில் ஏராளமாகச் செய்தார்கள். 1930-களில் கல்கத்தாவில் தொடங்கிய ஜெய் இன்ஜினியரிங் ஒர்க்ஸின் உஷாவும் இந்த வழியில் வந்ததுதான். அதனால் பாபின், பாபின் கேஸ், ஷட்டில், ஊசி எல்லாம் இன்றைக்கும் லூதியானாவிலிருந்து மூட்டை மூட்டையாக வருகின்றன. சின்ன ஊர்க் கடையிலும் கிடைக்கும். பாகம் கிடைக்கிற வரை மெஷினுக்குச் சாவில்லை.

துணிக்கு அடியில் நூல் கொத்துக் கொத்தாகச் சேர்கிறது. பாபின் கேஸை இரண்டு முறை மாற்றிவிட்டேன்.
வாசகி, சேலம்

தப்பு கீழே தெரியும், ஆனால் இருப்பது மேலே. பிரஷர் ஃபுட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு மேல் நூலை மறுபடி கோர்த்துப் பாருங்கள். ஃபுட் இறங்கியிருக்கும்போது கோர்த்தால் மேல் நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகள் மூடியிருக்கும், நூல் நடுவே இறங்காமல் மேலோடு போகும். இழுத்துப் பிடிக்க ஆளில்லாத நூல் அடியில் போய்க் கொத்தாகும். அந்தத் தட்டுகளுக்கு நடுவில் பஞ்சு அடைத்திருந்தாலும் இதே கதைதான். ஒரு கெட்டித் துணியின் ஓரத்தை உள்ளே விட்டு இழுத்தால் வந்துவிடும்.

அப்புறம் ஊசி. வாங்கும்போது HAx1 என்ற வகையைக் கேளுங்கள், தண்டின் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். பவர் மெஷினுக்கான உருண்டைத் தண்டு ஊசி இதற்கு ஆகாது. எந்தப் பக்கம் திருப்பி மாட்டுவது என்று குழப்பமா? ஊசிக்கு மேலே இருக்கும் கடைசி நூல் வளையம் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கமிருந்துதான் நூல் கோர்க்க வேண்டும். ஊசியின் நீளப் பள்ளமும் அந்தப் பக்கம் பார்க்க வேண்டும், தட்டை எதிர்ப்பக்கம். ஊசி திரும்பியிருந்தால் தையல் விட்டு விட்டு விழும், நூல் அறுந்துகொண்டே இருக்கும்.

அம்மம்மாவின்ரை சிங்கர் கைமெஷின் எங்களிட்டை இருக்கு. பாபின் நீட்டாக, குச்சி மாதிரி இருக்கு. எத்தனையாம் ஆண்டு செய்தது எண்டு எப்பிடி அறியிறது?
வாசகி, யாழ்ப்பாணம்

குச்சி பாபின் என்றால் அது படகு வடிவ ஷட்டில் ஊஞ்சல் மாதிரி ஆடும் பழைய அமைப்பு, 15-ஆம் வகைக்கும் முந்தைய தலைமுறை. இலங்கைக்கு சிங்கர் 1877-லேயே வந்துவிட்டது, அதனால் உங்கள் பக்கம் இப்படிப்பட்டவை இருப்பதில் ஆச்சரியமில்லை. மெஷினின் அடித்தட்டில், வீல் இருக்கும் வலது பக்கத்தில் எண் பொறித்திருக்கும். எழுத்தே இல்லாமல் எண் மட்டும் என்றால் 1900-க்கு முந்தையதாக இருக்கும். அதற்குப் பிறகு எண்ணுக்கு முன்னால் எழுத்து வரும். அந்த எழுத்தை வைத்துத் தொழிற்சாலையையும் ஆண்டையும் கண்டுபிடிக்கலாம், பட்டியல்கள் இணையத்தில் கிடைக்கின்றன. உங்களுடையது ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் தொழிற்சாலையில் செய்ததாக இருக்க வாய்ப்பு அதிகம். அந்தத் தொழிற்சாலையை 1980-ல் மூடிவிட்டார்கள். பக்கத்து ரயில் நிலையத்துக்கு மட்டும் இன்றைக்கும் சிங்கர் என்றுதான் பெயர்.

ஷட்டிலையும் பாபினையும் தொலைத்துவிடாதீர்கள். 15-ஆம் வகை மாதிரி கடைக்குக் கடை கிடைக்காது. ஊசி மட்டும் இப்போதைய சாதாரண ஊசியே பொருந்தும்.

பழைய சிங்கரில் சிவப்புப் பாதரசம் இருக்கிறதாம், லட்சக்கணக்கில் தருகிறோம் என்று ஒருவர் போன் செய்கிறார்.
வாசகர், ராமநாதபுரம்

இல்லை. 2009-ல் சவூதி அரேபியாவில் இந்த வதந்தி கிளம்பி, ஜனங்கள் பழைய மெஷினைப் பெரும் விலைக்கு வாங்கி ஏமாந்தார்கள். சிவப்புப் பாதரசம் என்று ஒரு பொருளே கிடையாது. தையல் மெஷினில் எந்தப் பாதரசமும் கிடையாது. முன்பணம், பரிசோதனைக் கட்டணம் என்று கேட்டால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

முழங்கால் வலிக்கு மிதிக்க முடியவில்லை. மோட்டார் போட்டால் மெஷின் கெட்டுவிடுமா?
வாசகி, மதுரை

போடலாம், ஹெட் தாங்கும். மிதியில் ஓட்டும்போது கால் வலித்தால் நிறுத்துவோம், மோட்டாருக்கு வலிக்காது. அதனால் எண்ணெய் விடுவதை இரட்டிப்பாக்குங்கள். நாள் முழுக்கத் தைத்தால் தினமும் காலையில் ஒவ்வொரு துளைக்கும் ஒரு சொட்டு. பெல்ட்டை விரலால் அழுத்தினால் கொஞ்சம் உள்ளே போக வேண்டும். விறைப்பாக மாட்டினால் வீல் பக்கத்தில் தண்டைத் தாங்கும் புஷ் ஒரு பக்கமாகத் தேயும். பழைய மோட்டார் என்றால் ஒயரை வளைத்துப் பாருங்கள். ரப்பர் உதிர்ந்தால் சொருகவே வேண்டாம், ஒயரை மாற்றிவிட்டுத்தான் மறுவேலை.

ஆயுத பூஜைக்கு மெஷினைத் தின்னர் போட்டுத் துடைத்தேன், தங்கப் பூவேலை எல்லாம் அழிந்துவிட்டது.
வாசகர், கரூர்

வருத்தமாக இருக்கிறது. போனது திரும்பாது. தின்னர், ஸ்பிரிட், சானிடைசர் மூன்றும் அந்தப் பழைய பூச்சைக் கரைத்துவிடும். மிச்சம் இருக்கிற பூவையாவது மெஷின் எண்ணெய் தொட்ட மெல்லிய துணியால் மட்டும் துடையுங்கள். பூஜையன்று விபூதி, சந்தனம் பூசும்போது எண்ணெய்த் துளைகளை விட்டுத் தள்ளிப் பூசுங்கள். விபூதி உள்ளே போய் எண்ணெயோடு சேர்ந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரிதான்.

லெக்கிங்ஸும் ஜீன்ஸும் இதில் தைக்கலாமா?
வாசகி, திருநெல்வேலி

ஜீன்ஸ் தாராளமாகத் தைக்கலாம். 16 அல்லது 18-ஆம் நம்பர் ஊசி போடுங்கள். மடிப்புகள் சேர்ந்து தடிக்கும் இடத்தில் மிதிக்காமல் கையால் வீலைச் சுற்றி ஊசியை இறக்கி ஏற்றிக் கடந்துவிடுங்கள். லெக்கிங்ஸ் வேண்டாம். நேர்த்தையல் இழுபடாது, போட்டு உட்கார்ந்தால் நூல் பட்டென்று அறும். அதற்கு ஓவர்லாக் மெஷின் வைத்திருக்கும் கடையில் கொடுங்கள், இடுப்புப் பட்டியை மட்டும் வீட்டில் தைத்துக்கொள்ளலாம் என்றும் நினைக்காதீர்கள். அதுவும் இழுபடுகிற இடம்தான்.