மகளின் பையில் போதை நாவல்: அவளிடமிருந்து வாங்கி வைத்துவிடலாமா?

கேள்வி: மார்த்தாண்டத்தில் இருக்கிறோம். பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகளின் பையில் ‘கோ ஆஸ்க் அலிஸ்’ என்ற ஆங்கிலப் புத்தகத்தைப் பார்த்தேன். போதைக்கு அடிமையான ஒரு பெண்ணின் டைரியாம். நிஜமாக நடந்தது என்கிறாள். பார்த்ததிலிருந்து ஒரே வெப்ராளமாக இருக்கிறது. வாங்கி வைத்துவிடட்டுமா?

பதில்: வாங்கி வைக்க வேண்டாம் அம்மா. நீங்களும் வாசியுங்கள்.

முதலில் அந்த ‘நிஜம்’. 1971இல் எழுதியவர் பெயர் இல்லாமல், உண்மை டைரி என்றே அது வெளிவந்தது. பீட்ரிஸ் ஸ்பார்க்ஸ் என்ற நடுவயதுப் பெண்ணின் கை அதில் இருந்தது பின்னால்தான் தெரிந்தது. இன்று அது புனைகதை வரிசையில்தான் இருக்கிறது. இதை மகளிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

கதையில் அந்த 15 வயதுப் பெண்ணுக்கு ஒரு விருந்தில், அவளுக்கே தெரியாமல், குளிர்பானத்தில் எல்எஸ்டி என்ற போதைப்பொருளைக் கலந்து கொடுக்கிறார்கள். எனக்குக் குறை இங்கேதான். நம்மூரில் கஞ்சாவோ, உதட்டுக்குள் ஒதுக்கும் புகையிலையோ பெரும்பாலும் கூடப் படிக்கும் சேக்காளி கையிலிருந்துதான் வருகிறது. இன்னதென்று தெரிந்தேதான் வாங்குகிறார்கள். வேண்டாம் என்றால் கூட்டத்தில் சேர்க்க மாட்டார்களோ என்ற பயம்தான் கையை நீட்ட வைக்கிறது. விருந்தில் கொடுக்கும் குளிர்பானத்துக்குப் பயப்படக் கற்ற பிள்ளைக்கு, சேக்காளியிடம் மறுப்பது எப்படி என்று தெரியாமலே போகும்.

முடிவும் அப்படித்தான். மீண்டுவிட்டாள் என்று நாம் நினைக்கும்போது, பின்குறிப்பில் இறந்துபோகிறாள். தொட்டால் சாவு என்று மட்டுமே கேட்டு வளர்ந்த பிள்ளை, கஞ்சா இழுத்த பையன் மறுநாள் சிரித்துக்கொண்டு பள்ளிக்கு வருவதைப் பார்த்தால், புத்தகத்தையும் நம்பாது, நம்மையும் நம்பாது.

மெல்வின் பர்ஜெஸ் 1996இல் எழுதிய ‘ஜங்க்’ இதைவிட நேர்மையானது. பிரிட்டனில் சிறுவர் இலக்கியத்துக்குத் தரும் கார்னகி பதக்கம் பெற்ற நாவல். வீட்டைவிட்டு பிரிஸ்டல் நகருக்கு ஓடும் இரண்டு 14 வயதுப் பிள்ளைகளும் சுற்றியிருப்பவர்களும் மாறி மாறிக் கதை சொல்கிறார்கள். ஹெராயின் முதலில் இனிக்கும் என்பதை அது மறைப்பதில்லை. நினைத்த நேரத்தில் நிறுத்திவிடலாம் என்று ஒருவர் நம்பிக்கொண்டிருக்க, அது நடக்கப்போவதில்லை என்று அடுத்தவர் பேச்சில் நமக்குப் புரிந்துவிடும். தன்னையே ஏமாற்றிக்கொள்ளும் இந்தப் பழக்கத்தைப் பிள்ளைகள் கதையிலேயே அடையாளம் கண்டுகொள்வது பெரிய காரியம். அந்தப் பையன் ஓடியதற்குக் குடிகார வீடும் அப்பாவின் அடியும் காரணம் என்பதையும் கவனியுங்கள். அந்தப் பக்கங்களை நம் வீட்டு ஆண்களும் வாசிக்க வேண்டும் என்பது என் ஆசை.

இரண்டு நாவல்களிலும் பாலியல் விஷயங்கள் வரும். சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம். 15 வயதில், நீங்கள் முதலில் வாசித்துவிட்டுக் கொடுக்கலாம்.

வாசித்து முடித்ததும் ‘நீயும் இப்படிச் செய்வியா?’ என்று கேட்டுவிடாதீர்கள். ‘மக்களே, அந்தப் பிள்ளை அம்மைகிட்ட ஏன் சொல்லல்ல?’ என்று கேளுங்கள். அவள் சொல்லும் காரணத்தில், உங்களிடம் எதைச் சொல்லப் பயப்படுகிறாள் என்பதும் கொஞ்சம் தெரியும். குறுக்கே பேசாதீர்கள்.

நாவல் பையில் இருப்பது போதையின் அறிகுறி ஆகாது. தூக்கம் தலைகீழாவது, கூட்டாளிகள் திடீரென மாறுவது, வீட்டில் காசு குறைவது, பிடித்த விளையாட்டை விடுவது எல்லாம் சேர்ந்து வந்தால் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் காட்டுங்கள். அரசின் மனநல உதவி அழைப்பான டெலி மானஸ் எண் 14416, போதை மீட்பு உதவி எண் 14446. எடுத்தவுடன் பிள்ளையைப் பேச வைக்க வேண்டும் என்றில்லை. முதல் அழைப்பில் நீங்கள் மட்டும் பேசலாம்.