கன்றுக்குப் போட்ட ஊசி கையில் குத்திவிட்டது

கேள்வி: உசிலம்பட்டி பக்கம் எங்கள் ஊர். போன வாரம் எங்கள் கிடாரிக் கன்றுக்குக் கருச்சிதைவு நோய்த் தடுப்பூசி போட்டார்கள். கன்று திமிறியதில் ஊசி என் கணவரின் பெருவிரலில் குத்திவிட்டது. அதில் உயிருள்ள கிருமி இருக்கிறது என்கிறார்கள். அவருக்கும் தடுப்பூசி போட்ட மாதிரிதானே?

பதில்: இல்லை அம்மா. நாளைக்கே அவரை மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்கோ பக்கத்திலுள்ள பொது மருத்துவரிடமோ அழைத்துப் போங்கள். வலி இல்லையே என்று விட்டுவிட வேண்டாம். கால்நடை மருத்துவரிடம் தடுப்பூசியின் வகையைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எஸ்-19 என்றால் வழக்கமாக டாக்ஸிசைக்ளின், ரிஃபாம்பிசின் என்ற இரண்டு கிருமிக்கொல்லி மருந்துகளையும் சேர்த்து 21 நாள் கொடுப்பார்கள். ஆர்பி-51 என்ற வகைக்கோ ரிஃபாம்பிசின் கேட்காது. அதனால்தான் பெயர் வேண்டும்.

எஸ்-19 பிறந்த கதை வேடிக்கையானது. 1923-ல் அமெரிக்காவில் ஜான் பக் என்பவர் ஒரு ஜெர்சி பசுவின் பாலிலிருந்து பிரித்தெடுத்த, கருச்சிதைவு நோயை உண்டாக்கும் புருசெல்லா கிருமி அது. ஆய்வுக்கூடத்தில் ஓராண்டுக்கு மேல் சும்மா கிடந்ததில் தானாக வீரியம் குறைந்துவிட்டது. ஆனால் குறைந்தது மாட்டுக்குப் போதுமான அளவுதான். மனிதருக்கு அது இன்னமும் காய்ச்சலைக் கொண்டுவரும்.

செத்த கிருமியைப் போட்டால் என்ன என்று கேட்பீர்கள். புருசெல்லா நம் வெள்ளையணுக்களுக்குள்ளேயே புகுந்து குடியிருக்கும். அங்கே போய் அதைப் பிடிக்க உடம்பு பழக வேண்டுமானால், உள்ளே புகத் தெரிந்த கிருமிதான் வேண்டும். அதிகம் வலுவிழந்தால் பாதுகாப்பு கிடைக்காது, குறைவாக இழந்தால் நோயே வந்துவிடும். குழந்தைகளுக்குப் போடும் பிசிஜியும் மாட்டுக் காசநோய்க் கிருமியிலிருந்து வந்ததுதான். அதை 13 ஆண்டுகள், 230 முறை மாற்றி மாற்றி வளர்த்துத்தான் அடக்கினார்கள். புருசெல்லாவில் குறிப்பிட்ட மரபணுக்களை நீக்கி அதே வேலையைச் செய்யப் பார்க்கிறார்கள். மனிதருக்கான ஊசி நம் ஊரில் இன்னும் இல்லை.

கன்றுக்குப் போட்டது சரிதான். 4 முதல் 8 மாதக் கிடாரிக்கு ஒரே ஒரு முறை.

மாத்திரை முடிந்த பிறகும் ஆறு மாதம் கவனியுங்கள். விட்டு விட்டுக் காய்ச்சல், ராத்திரியில் வியர்வை, இடுப்பு வலி, மூட்டு வலி வந்தால் இந்த ஊசி விஷயத்தைச் சொல்லி ரத்தம் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

அப்புறம் இன்னொன்று. மாடு கன்று வீசினால், அதாவது கருச்சிதைவு ஆனால், இளங்கொடியை வெறுங்கையால் எடுத்து ஆலமரத்தில் கட்ட வேண்டாம். கையுறை போட்டு, சுண்ணாம்பு தூவி ஆழமாகப் புதையுங்கள். பாலைக் காய்ச்சாமல் குடிக்காதீர்கள்.