எதைக் காட்டினாலும் “செவப்பு” என்கிறான்!

கேள்வி: என் மகனுக்கு மூன்று வயது இரண்டு மாதம். எதைக் காட்டி என்ன கலர் என்று கேட்டாலும் “செவப்பு” என்கிறான். கிரேயானைக் கொடுத்தால் உலக்கை பிடிப்பதுபோல் கை முழுக்கப் பொத்திப் பிடிக்கிறான். நிறக்குருடாக இருக்குமோ என்று மாமியார் பயப்படுகிறார். நர்சரி மிஸ்ஸும் தினமும் சொல்கிறார். வீட்டில் என்ன செய்யலாம்? (வாசகி, அம்மாப்பேட்டை, சேலம்)

முதலில் அந்தக் கேள்வியை நிறுத்துங்கள். நாள் முழுக்க “இது என்ன கலர், அது என்ன கலர்” என்று பரீட்சை வைத்தால் பிள்ளை ஏதாவது ஒன்றைச் சொல்லித் தப்பிக்கத்தான் பார்க்கும். உங்கள் பையன் கண்டுபிடித்த பதில் செவப்பு, அவ்வளவுதான். இதில் ஒரு நல்ல சேதியும் இருக்கிறது. கலர் கேட்டால் அவன் “பந்து” என்றோ “ரெண்டு” என்றோ சொல்லவில்லை, ஒரு நிறத்தின் பெயரைத்தான் சொல்கிறான். கேள்வி புரிந்துவிட்டது, எந்தப் பெயர் எதற்கு என்பதுதான் இன்னும் ஒட்டவில்லை. அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு அமைப்பான சிடிசியின் குழந்தை வளர்ச்சிப் பட்டியலிலேயே சில நிறங்களின் பெயரைச் சொல்வது நான்கு வயதுக்கான வரிசையில்தான் வருகிறது.

பந்தைக் கையில் எடுக்கலாம், சிவப்பைத் தனியாக எடுக்க முடியாது. தக்காளி, குங்குமம், கேஸ் சிலிண்டர், மூன்றுக்கும் பொதுவாக எதைச் சொல்கிறோம் என்று குழந்தை தானே பிரித்துப் பார்க்க வேண்டும். நம் மொழியும் கொஞ்சம் விளையாடும்: பச்சைத் தண்ணி பச்சையாக இருக்காது, பச்சைக் குழந்தையும் அப்படித்தான். நீங்கள் ஊதா என்பதை மிஸ் ப்ளூ என்பார். உங்கள் பகுதியில் தறி இருக்கிற வீடாக இருந்தால் அரக்கு, கிளிப்பச்சை, மாம்பழக் கலர் என்று இன்னும் பத்துப் பெயர் காதில் விழும். அதெல்லாம் அழகுதான், ஆனால் இப்போதைக்கு ஒரு நிறத்துக்கு ஒரே பெயர் என்று வீட்டில் எல்லோரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

கண்ணைப் பற்றிய பயத்துக்கு வருவோம். பெயரே கேட்காமல் பாருங்கள். ஒரே மாதிரி துணி கிளிப்பில் செவப்பு நாலு, பச்சை நாலு கலந்து கொட்டி, கிண்ணத்துக்கு ஒன்றாகப் போட்டுக் காட்டி, “இதுமாதிரி இங்கே போடு” என்று சொல்லுங்கள். ஒன்று அடர்த்தியாகவும் இன்னொன்று வெளிறியும் இருக்கக் கூடாது, அதை வைத்தே பிரித்துவிடுவான். சரியாகப் பிரித்தால் பெரும்பாலும் கவலைப்பட ஒன்றுமில்லை. மார்கழி, தை பக்கம் ஏற்காடு போனால் காப்பிச் செடியைக் காட்டுங்கள், பச்சை இலைக்கு நடுவே பழுத்த பழத்தை “அதோ” என்று அவனே காட்டுகிறானா பாருங்கள். வேறு வேறு நாளிலும் செவப்பையும் பச்சையையும் கலந்தால், அல்லது உங்கள் அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ நிறக்குறை இருந்தால், கண் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். சிவப்பு-பச்சைக் குழப்பம் பெரும்பாலும் அம்மா வழியாக ஆண் பிள்ளைக்கு வருவது.

சொல்லிக் கொடுப்பதற்குப் பழைய முறை ஒன்று போதும். 1939இல் அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்த இத்தாலியக் கல்வியாளர் மாண்டிசோரி அம்மையாரின் முறை: முதலில் “இது மஞ்சள்” என்று நீங்கள் சொல்வது, அடுத்து “மஞ்சளை எடு” என்பது, கடைசியாகத்தான் “இது என்ன?” நம் வீடுகளில் முதல் இரண்டையும் தாண்டிக் குதித்து மூன்றாவதில் போய் உட்கார்ந்துகொள்கிறோம். சிவப்பு, மஞ்சள், நீலம், இந்த மூன்றோடு தொடங்குங்கள், போதும்.

கிரேயானைப் பொத்திப் பிடிப்பது இந்த வயதில் குறையே இல்லை. விரலைப் பிடித்துத் திருத்தாதீர்கள். புது கிரேயானை ஒரு அங்குலத் துண்டாக உடைத்துக் கொடுங்கள் (மனசு வராதுதான்), அந்தத் துண்டைக் கை முழுக்கப் பிடிக்க இடமே இருக்காது, விரல் நுனி தானாக வரும். காகிதத்தைச் சுவரில் ஒட்டி நின்றுகொண்டு கிறுக்கச் சொன்னால் மணிக்கட்டுக்கும் வலு. ஸ்டிக்கர் பொட்டு அட்டை இருக்கிறதே, அதைவிட நல்ல பயிற்சிக் கருவி எந்தக் கடையிலும் இல்லை என்பேன்: செவப்புப் பொட்டை உரித்துச் செவப்பு வட்டத்தில் ஒட்ட வேண்டும், பெரிய பொட்டாகப் பாருங்கள். கண்ணாடி வேண்டாம், பிளாஸ்டிக் வளையலைக் கலர் பார்த்துக் கரண்டிக் காம்பில் கோக்கலாம். சப்பாத்தி மாவில் கொஞ்சம் மஞ்சள் தூள், இன்னொரு உருண்டையில் பீட்ரூட் சாறு சேர்த்துக் கிள்ளிக் கிள்ளி உருட்டட்டும். அரிசி மாவுக் கோலம் போடச் சேர்கிற விரல்கள்தான் பிற்பாடு பென்சில் பிடிக்கப் போகிற விரல்களும். புளியங்கொட்டை, மணி, பட்டன் எல்லாம் வாயில் வைக்கிற பழக்கம் போகிறவரை வேண்டவே வேண்டாம். மூக்குக்குள் மணியோடு வந்த பிள்ளைகளை நிறையப் பார்த்துவிட்டேன்.

அப்புறம் பயப்படுகிற மாமியாருக்கும் ஒரு வேலை கொடுங்கள். கதம்பம் கட்டும்போது பக்கத்தில் அவனை உட்கார வைத்து, “ஆரஞ்சு ஒண்ணு எடுடா கண்ணு, இப்ப வெள்ளை ரெண்டு, இப்ப பச்சை” என்று ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். கனகாம்பரத்தின் காம்பு கசங்காமல் எடுக்க இரண்டு விரல் நுனிதான் வேலை செய்யும். வெள்ளை கேட்டு அவன் ஆரஞ்சை நீட்டினால் “ஓ, ஆரஞ்சு கொடுத்தியா” என்று வாங்கி அப்படியே கட்டிவிடட்டும், கதம்பம்தானே.