தரவுத்தள அட்டவணையின் ஒரே பத்தியில் (நெடுவரிசையில்) எண்ணும் எழுத்தும் கலந்து கிடந்தால் ஒப்பீட்டுக் குறிகளைக் கொண்டே பிரிக்க முடியுமா?

எஸ்க்யூலைட் (SQLite) என்ற சின்னத் தரவுத்தள மென்பொருள் என்றால் தாராளமாக முடியும்.

அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு நெல் மண்டிக்குக் கணக்குச் செயலி எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதில் 'எடை' பத்தி முழு எண் வகை. கார் நெல் வரும்போது கடைப் பையன் 1240 என்று அடிப்பான். பிசானப் பருவத்துக்குக் கணக்குப் பார்க்க உட்காரும் பெரியவர் பழைய நெல் அளவில் '2 கோட்டை' என்றோ, காற்புள்ளி போட்டு '1,240' என்றோ அடிப்பார். எஸ்க்யூலைட் முகம் சுளிக்காமல் எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளும். மேற்கோளுக்குள் '75' வந்தால் எண்ணாக்கிவிடும்; பெரியவர் அடித்த இரண்டும் எழுத்தாகவே தங்கிவிடும்.

எஸ்க்யூலைட் ஒப்பிடும்போது வகைகளுக்கு ஒரு வரிசை வைத்திருக்கிறது: முதலில் நல் (NULL, மதிப்பே இல்லாத இடம்), பிறகு எண், எழுத்து, கடைசியில் பிளாப் (BLOB, படம் போன்ற பைட்டுத் தரவு). எவ்வளவு பெரிய எண்ணும் எந்த எழுத்துக்கும் கீழேதான். எழுத்துகளில் மிகச் சிறியது வெற்றுச் சரம், அதாவது உள்ளே ஒன்றுமில்லாத ''. ஆகவே,

எடை < ''

என்றால் எண்கள் மட்டும் வரும்.

எடை >= ''

என்றால் எழுத்துகள் வரும், பிளாப் இருந்தால் அதுவும். சமக்குறியை விட்டுவிட்டால் வெற்றுச் சரமாகப் பதிவானவை நழுவிவிடும். நல் இரண்டிலும் சிக்காது. அதை 'இஸ் நல்' என்று தனியாகத்தான் கேட்க வேண்டும்.

இதே வரிசைதான் வம்பையும் இழுத்து வருகிறது. எடை > 1000 என்று கேட்டால் '2 கோட்டை'யும் பட்டியலில் வந்து நிற்கும். கூடவே எடை < '' என்ற நிபந்தனையையும் சேர்த்தால் போய்விடும். வகையை மாற்றும் 'காஸ்ட்' (CAST) போட்டு எண்ணாக்கலாமே என்பார்கள். '1,240' அப்போது வெறும் 1 ஆகிவிடும். மண்டியில் யார் ஒப்புக்கொள்வார்கள்?

'டைப்ஆஃப்' (typeof) கொண்டும் வகையைக் கேட்கலாம், படிப்பதற்கும் அதுதான் தெளிவு. ஆனால் எடைப் பத்திக்குப் போட்ட சாதாரண இண்டெக்ஸை (வேகமாகத் தேட உதவும் சுட்டுப் பட்டியலை) அது பயன்படுத்தாது. ஒப்பீட்டுக் குறி பயன்படுத்தும். பதிவுகள் லட்சக்கணக்கில் இருந்தால் நான் ஒப்பீட்டைத்தான் எடுப்பேன். பத்தியே டெக்ஸ்ட் (எழுத்து) வகை என்றால் இந்த உத்தி பலிக்காது, எண்களும் எழுத்தாகத்தான் உள்ளே போயிருக்கும்.

மாங்கோடிபி (MongoDB) என்ற இன்னொரு தரவுத்தளம் நேர்மாறு. 1000-க்கு மேல் என்றால் எண்களை மட்டுமே பார்க்கும்; வகையைக் கேட்க 'டாலர் டைப்' ($type) தனியே உண்டு.

எஸ்க்யூலைட்டில் புதிய அட்டவணை என்றால் 2021-இல் 3.37 பதிப்போடு வந்த 'ஸ்ட்ரிக்ட்' (STRICT) போடுங்கள், எண் பத்தியில் எழுத்தை அடித்த உடனே பிழை காட்டும். அந்த மண்டிக்கு நான் அதைப் போடவில்லை. பெரியவரிடம் கோட்டைக் கணக்கை விடச் சொல்வதைவிட வாரம் ஒருமுறை எடை >= '' ஓட்டிப் பார்ப்பது எனக்குச் சுலபம்.