பிள்ளையை விளையாட அனுப்பிவிட்டுக் கேளுங்கள்

உசிலம்பட்டி, செக்கானூரணி, மேலூர்ப் பக்கத்துத் தொடக்கப்பள்ளிகளில் 31 வருடம் டீச்சராக இருந்தவள் நான். டாக்டருக்குப் படித்தவள் இல்லை. சின்னப் பிள்ளைகளின் மனசைப் பற்றி வகுப்பறையில் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். கேட்பதற்கு முன் ஒன்று: பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே பிள்ளையின் குறையைப் பேசாதீர்கள். தலையைக் குனிந்து விளையாடிக்கொண்டிருக்கும், ஆனால் காது இங்கேதான் இருக்கும்.

திருமங்கலம், ஒரு அம்மா: ஒன்றாம் வகுப்புப் படிக்கும் மகளுக்குத் தினமும் காலையில் வயிற்றுவலி. டாக்டர் ஒன்றுமில்லை என்கிறார். நடிக்கிறாளா?

நடிக்கவில்லை. பயம் வந்தால் பெரியவர்களுக்கே வயிற்றைப் பிசையும். ராத்திரி தூக்கத்தில் எழுப்பும் வலி, காய்ச்சல், வாந்தி, எடை குறைவது, மலத்தில் ரத்தம் இருந்தால் மறுபடி டாக்டரிடம் போங்கள். இல்லையென்றால் ஒரு காலண்டரில் வலி வந்த நாட்களைக் குறித்து வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை வலி வருகிறதா? பள்ளியில் எந்தப் பாடவேளை வரும் நாளில் வருகிறது? ஆட்டோவில் பக்கத்தில் உட்காருவது யார்?

அப்புறம், கழிப்பறை. இதை யாரும் கேட்பதில்லை. தாழ்ப்பாள் இல்லை, இருட்டாக இருக்கிறது, பெரிய பிள்ளைகள் கதவைத் தட்டுகிறார்கள் என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த பெண்பிள்ளைகளை எனக்குத் தெரியும். தண்ணீர் பாட்டில் நிறைந்தபடியே வீட்டுக்கு வந்தால் அங்கிருந்து விசாரிக்கத் தொடங்குங்கள்.

பசியையும் பாருங்கள். பத்து மணிக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்களில் பலர் வெறும் வயிற்றோடு வந்தவர்கள். காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று நம் மதுரையில் தொடங்கியபோது நான் சந்தோஷப்பட்டது அதனால்தான்.

வலிக்கிறது என்றால் நம்புங்கள், ஆனால் பள்ளிக்கு அனுப்புங்கள். வீட்டில் நிறுத்தி டிவி போட்டுக் கொடுத்தால் பயம் இன்னும் வளரும். வாசலில் நின்று அழுது விடைபெறாமல், "மூன்றரைக்கு இந்த வேப்பமரத்தடியில் நிற்பேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். சொன்னபடி நில்லுங்கள்.

உசிலம்பட்டி, ஒரு அப்பா: போன வாரம் என் அப்பா இறந்துவிட்டார். ஏழு வயது மகனைக் கேத வீட்டிலிருந்து கொழுந்தியா வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். "தாத்தா ஊருக்குப் போயிருக்கார்" என்று சொல்லி வைத்திருக்கிறோம். எப்போது வருவார் என்று தினமும் கேட்கிறான்.

இன்றைக்கே உண்மையைச் சொல்லுங்கள் தம்பி. செத்துப்போய்விட்டார் என்ற சொல்லையே சொல்லுங்கள். "தூங்குகிறார்", "சாமிகிட்டப் போயிட்டார்" என்பதெல்லாம் நமக்கு ஆறுதல், பிள்ளைக்கு அது நேர் அர்த்தம்.

என் இரண்டாம் வகுப்பில் ஒரு பையன் திடீரென்று வகுப்பில் சாய்ந்து சாய்ந்து தூங்கினான். கேட்டால் பதில் இல்லை. ஒருநாள் மத்தியானம் சத்துணவு முடிந்ததும், புளியங்கொட்டைகளைப் பத்துப் பத்தாகப் பிரித்துக் கட்டும் வேலைக்கு அவனைக் கூட்டி வைத்துக்கொண்டேன். இருவரும் தரையைப் பார்த்து எண்ணிக்கொண்டிருந்தோம். நாலாவது குவியலில் தலை நிமிராமல் சொன்னான்: "ராத்திரி தூங்குனா தூக்கிட்டுப் போயிருவாங்க டீச்சர்." தாத்தா தூங்குகிறார் என்று சொல்லியிருக்கிறார்கள். தூங்கியவரை நாலு பேர் தூக்கிக்கொண்டு போனதை அவன் பார்த்திருக்கிறான்.

செத்துப்போனால் மூச்சு நின்றுவிடும், வலிக்காது, பசிக்காது, திரும்பி வர முடியாது என்று சொல்லுங்கள். "நான் சேட்டை செஞ்சதாலயா?" என்ற கேள்வி அவன் மனசில் இருக்கும். கேட்காவிட்டாலும் "உன்னால் இல்லை" என்று நீங்களாகவே சொல்லுங்கள். நீங்கள் அழுவதை அவன் பார்க்கலாம்.

மேலூர், ஒரு பெரியப்பா: அதற்காகச் சின்னப் பிள்ளையைக் கேத வீட்டில் வைத்திருக்கச் சொல்கிறீர்களா? பயந்து போகும். நம் பெரியவர்கள் தெரியாமலா சொன்னார்கள்?

அய்யா, பேரன் பேத்திகள் கையில் நெய்ப்பந்தம் கொடுத்து தாத்தாவைச் சுற்றி வரச் சொன்னதும் அதே பெரியவர்கள்தான். பிள்ளைக்கும் அந்தச் சாவில் ஒரு வேலை, ஓர் இடம் கொடுத்தார்கள். நாம்தான் இப்போது செல்போனைக் கொடுத்துப் பக்கத்து வீட்டில் உட்கார வைக்கிறோம்.

சோழவந்தான், ஒருவர்: ஆறு வயதில் நெய்ப்பந்தம் பிடித்தவன் நான். யாரும் எதுவும் சொல்லாமல் கூட்டத்தில் இழுத்துப்போய் நிறுத்தினார்கள். அந்தக் கொட்டுச் சத்தம் இன்னும் கனவில் வருகிறது. பெரியப்பா சொல்வதுதான் சரி.

உங்கள் வேதனை நியாயமானது. நான் பேசியதில் விட்டுப்போனதை நீங்கள் சொல்லிவிட்டீர்கள். இழுத்துப்போய் நிறுத்துவது தப்பு. தாத்தா எப்படிப் படுத்திருப்பார், எல்லோரும் சத்தமாக அழுவார்கள், கொட்டு அடிப்பார்கள் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். வருகிறாயா என்று கேட்க வேண்டும். மாட்டேன் என்றால் அதோடு விட வேண்டும். வந்தால், துக்கத்தில் முழுகாத ஒரு பெரியவர், ஒரு சித்தியோ மாமாவோ, அவன் கையைப் பிடித்தபடியே இருக்க வேண்டும். போகலாம் என்றதும் கூட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும்.

மேலூர்ப் பெரியப்பா மறுபடி: தீட்டு?

அது உங்கள் வீட்டு வழக்கம், நான் தலையிடவில்லை. பொய் மட்டும் வேண்டாம் என்கிறேன்.

வாடிப்பட்டி: மூன்றாம் வகுப்பு மகனுக்குக் காலையில் வயிற்றுவலி...

திருமங்கலத்து அம்மாவுக்குச் சொன்னதைப் படியுங்கள்.

பேரையூர்: ஆறு வயது, படுக்கையை நனைக்கிறான். அவன் தம்பிகூட நனைப்பதில்லை.

ஐந்து வயது வரை இது சகஜம். ஆறு ஏழிலும் பல பிள்ளைகளுக்கு உண்டு. ஆறு மாதமாவது நனைக்காமல் இருந்து திரும்பத் தொடங்கினால் சிறுநீர்ப் பரிசோதனை செய்யுங்கள். தொற்றோ சர்க்கரையோ இருக்கலாம். இல்லையென்றால் வீட்டில் சமீபத்தில் என்ன மாறியது என்று யோசியுங்கள். தம்பியோடு ஒப்பிட்டு இதை அவன் முன்னால் சொன்னீர்களா? சொல்லியிருந்தால் இன்றோடு நிறுத்துங்கள்.

அலங்காநல்லூர்: பயந்த கோளாறு என்கிறார்கள். மந்திரித்துக் கயிறு கட்டலாமா?

கட்டுங்கள். திருநீறு போட்டாலும் தர்காவில் ஓதி ஊதினாலும் பிள்ளைக்குத் தைரியம் வந்தால் நல்லதுதான். எதைப் பார்த்துப் பயந்தது என்பதையும் கண்டுபிடியுங்கள்.

கள்ளந்திரி, புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஆசிரியை: என் வகுப்பில் 38 பிள்ளைகள். ஒவ்வொருவர் மனசையும் எப்படிப் பார்ப்பது? யாரோ தன்னிடம் தப்பாக நடந்துகொண்டதாக ஒரு பிள்ளை சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று பயமாக இருக்கிறது.

வருகைப் பதிவு எடுக்கும்போது நோட்டைப் பார்க்காமல் முகத்தைப் பாருங்கள். நேற்றுக்கும் இன்றைக்கும் மாறிய முகம் எது என்று பத்து நாளில் பழகிவிடும். அவனைத் தனியாக ஒரு வேலைக்குக் கூப்பிடுங்கள், எல்லோர் முன்னாலும் "என்னடா ஆச்சு" என்று கேட்காதீர்கள்.

யாரோ தொட்டார்கள் என்று பிள்ளை சொன்னால், குறுக்கே பேசாமல் கேளுங்கள். "ஏன் முன்னாடியே சொல்லல?" என்று கேட்கக் கூடாது. "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் செய்யக் கூடாது. "சொன்னது நல்லது, உன் மேல தப்பில்லை, உன்னைப் பாதுகாக்கிறவர்களிடம் மட்டும் சொல்வேன்" என்று சொல்லுங்கள். பிள்ளை சொன்ன சொற்களையே அன்றைக்கே எழுதி வையுங்கள். திரும்பத் திரும்பக் கிளறாதீர்கள். குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கோ காவல் நிலையத்துக்கோ தகவல் சொல்லுங்கள். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டுப் போக்சோ சட்டப்படி, தெரிந்தும் சொல்லாமல் இருப்பது குற்றம். பள்ளிக்குப் பேர் கெட்டுவிடும் என்று யார் தடுத்தாலும் கேட்க வேண்டாம்.

திருப்பரங்குன்றம்: அடிக்காமல் எப்படித் திருத்துவது? அடியாத மாடு படியாது.

பிள்ளை மாடு இல்லை. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு பள்ளியில் அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் தடுக்கிறது. அடி வாங்கும் பிள்ளை தப்பை மறைக்கத்தான் கற்றுக்கொள்கிறது.

சமயநல்லூர்: ஓரிடத்தில் உட்காருவதில்லை. என்ன மாத்திரை கொடுக்கலாம்?

என்னிடம் கேட்காதீர்கள். பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவில் காட்டுங்கள். மருந்துக் கடையிலும் கேட்காதீர்கள்.

பெருங்குடி: வயிற்றுவலி என்று மகள்...

மேலே இருக்கிறது அம்மா. மூன்றாவது முறை.

உசிலம்பட்டி அப்பா மறுபடி: சொல்லிவிட்டேன் டீச்சர். அழுதான். அப்புறம் விளையாடப் போய்விட்டான். திரும்பி வந்து தாத்தா துண்டு எங்கே என்று கேட்கிறான். கொடுக்கலாமா?

கொடுங்கள், துவைக்காமல் கொடுங்கள். அழுதுவிட்டு விளையாடப் போவது பிள்ளைகளின் வழி, துக்கம் இல்லை என்று நினைக்காதீர்கள். இதே கேள்வியை இன்னும் பல தடவை கேட்பான், ஒவ்வொரு தடவையும் அதே பதிலைச் சொல்லுங்கள். திங்கட்கிழமை வகுப்பு டீச்சரிடமும் விஷயத்தைச் சொல்லிவையுங்கள். பேசும்போது அவன் வெளியே விளையாடிக்கொண்டிருக்கட்டும்.