கல்யாண கேசட்டைக் கணினியில் ஏற்ற: கேள்வி பதில்

கேள்வி (தஞ்சாவூர்): 1994-ல் எங்கள் கல்யாணம். மூன்று மணி நேர விஎச்எஸ் கேசட். கணினி எட்டு வருடப் பழசு. புதிது வாங்கணுமா?

பதில்: வேண்டாங்க. நம்மூர் டிவியின் பால் (PAL) முறைப் படம் 720-க்கு 576 புள்ளிதான், நொடிக்கு 25 ஃபிரேம். உங்கள் கணினியே தாங்கும். அந்தக் காசில் கேசட்டை ஓட்டும் நல்ல டெக் (விசிஆர்) தேடுங்கள். ஜப்பானின் ஃபுனாய் கம்பெனி 2016-ல் தயாரிப்பை நிறுத்தியதோடு புது டெக் வரத்தே இல்லை, பழசில்தான் பொறுக்கணும். எஸ்-வீடியோ துளை உள்ளது கிடைத்தால் விடாதீர்கள். மஞ்சள் ஒயரில் வெளிச்சமும் நிறமும் கலந்து வரும், அதில் தனித்தனியாக வரும். டெக்கின் படத்தைக் கணினிக்குள் ஏற்றும் கேப்சர் கருவியைக் கணினியிலேயே நேராகச் சொருகுங்கள், நடுவில் யூஎஸ்பி ஹப் வேண்டாம்.

கேள்வி (மதுரை): 20 நிமிடத்தில் பதிவு தானாக நின்றுவிடுகிறது. கருவி கோளாறா சார்?

பதில்: டிவி ஏவிஐ-யாகப் பதிகிறீர்கள் போல (இந்த ‘டிவி’ தொலைக்காட்சி இல்லை, டிஜிட்டல் வீடியோ). அது மணிக்கு 13 ஜிபி தின்னும். 20 நிமிடத்தில் 4 ஜிபி. ஃபேட்32 என்ற பழைய முறையில் ஃபார்மேட் செய்த டிஸ்க் அதற்கு மேல் ஒரே கோப்பை வாங்காது. உள்ளே இருப்பதை வேறிடம் மாற்றிவிட்டு பெரிய கோப்பையும் வாங்கும் என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மேட் செய்யுங்கள்.

கேள்வி (சேலம்): தாலி முடிச்சு விழுந்து வெகு நேரம் கழித்துத்தான் கெட்டிமேளம் கேட்கிறது!

பதில்: இதுதான் எல்லோரையும் அழவைக்கிற விஷயம். தேய்ந்த நாடாவிலிருந்து வரும் சிக்னல் சீராக வராது, ஆடும். ஆடும்போதெல்லாம் கருவி ஓரிரு ஃபிரேமை விட்டுவிடும். ஒலி மட்டும் விடாமல் ஓடும். அதனால் படம் முந்திக்கொள்ளும், போகப்போக இடைவெளி கூடும். வர்ச்சுவல்டப் என்ற மென்பொருளில் பதிந்தால் எத்தனை ஃபிரேம் விட்டுப்போனது என்று எண்ணிக்கையே தெரியும். எடிட்டிங்கில் ஒலியை நகர்த்திச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். ஓர் இடத்தில் பொருந்தும், பத்து நிமிடத்தில் மறுபடி விலகும். ஆட்டத்தை நிறுத்தும் டைம் பேஸ் கரெக்டர் விலை அதிகம். நான் செய்வது: டெக்குக்கும் கருவிக்கும் நடுவே பழைய டிவிடி ரெக்கார்டர் ஒன்றை மாட்டி, அதன் வழியாகச் சிக்னலை விடுவேன். எல்லா மாடலும் உதவாது. உதவுகிற மாடல் அமைந்தால் பாதித் தலைவலி போகும்.

கேள்வி (யாழ்ப்பாணம்): மினிடிவி நாடா போடும் கமராவை யூஎஸ்பியில் கொழுவினால் ஃபோட்டோ மட்டும்தான் வருகுது அண்ணை.

பதில்: அநேக கமராக்களில் யூஎஸ்பி மெமரி கார்டுக்கு மட்டும்தான். நாடாவில் உள்ளதற்கு ஃபயர்வயர் என்ற வேறு இணைப்பு வேண்டும். சோனி கமராவில் ஐ.லிங்க் என்று எழுதியிருக்கும். கணினிக்கு ஒரு ஃபயர்வயர் கார்டு போடுங்கள். நாடாவில் இருப்பதே டிஜிட்டல்தான், அப்படியே நகலாகும். ஒரு மணி நேர நாடாவுக்கு ஒரு மணி நேரம் பிடிக்கும்.

கேள்வி (சென்னை): நாடா ஓரத்தில் வெள்ளையாகப் படிந்திருக்கிறது. ஒரு தடவை போட்டுப் பார்க்கலாமா?

பதில்: கூடவே கூடாது. பூஞ்சை. நாடாவைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும். ஒரு நல்ல டெக்கை நான் அப்படித்தான் பறிகொடுத்தேன். சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

கேள்வி (கோவை): பதிந்ததை 4கே ஆக்கலாமா?

பதில்: விஎச்எஸ்ஸில் இருப்பதே குறுக்கே சுமார் 240 கோட்டு விவரம். ஆக்கினால் மாமா முகம் மெழுகுப் பொம்மையாகிவிடும். ஆசைப்பட்டால் நகலில் செய்து பாருங்கள், மூலக் கோப்பைத் தொடாதீர்கள்.